எடை இறங்கும் வழி: ஒற்றைக்குளம்பும் பிளவுபட்ட குளம்பும்

நொண்டும் விலங்கைச் சோதிக்கும் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் முதலில் குளம்பைத்தான் தூக்கிப் பார்க்கிறார். குதிரை, மாடு, ஆடு, பன்றி, கழுதை ஆகிய எல்லாவற்றுக்கும் குளம்பு கெராட்டின் என்னும் ஒரே புரதத்தால் ஆனது என்றாலும், உடலின் எடையைத் தரைக்கு இறக்கும் முறையில் அது விலங்குக்கு விலங்கு வேறுபடுகிறது. புண் எந்த இடத்தில் தோன்றும், எத்தனை வாரம் கழித்து வெளிப்படும், எந்த மருத்துவம் பலிக்கும் என்பவை எல்லாம் அந்த வேறுபாட்டைச் சார்ந்தே அமைகின்றன. இதை அறியாத மருத்துவர் இல்லை. ஆயினும் கொட்டகையில் கத்தியை எடுக்கும்போதும், நோய்க்குறிப்பை எழுதும்போதும், லாடக்காரருக்கு அறிவுரை கூறும்போதும் இந்த அறிவு முழுமையாகச் செயலுக்கு வருவதில்லை என்பதால், அதனை மீண்டும் வலியுறுத்துவது இவ்வுரையின் நோக்கமாகிறது.

இக்குறைக்கு வரலாற்றுக் காரணம் ஒன்று உண்டு. 1762ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய கிளாட் பூர்ஜெலா, அதற்கு முன் குதிரையேற்றப் பயிற்சிக் கழகம் ஒன்றின் தலைவராக இருந்தவர். 1791இல் லண்டனில் தொடங்கப்பட்ட கல்லூரியும் தன் தொடக்கக் காலத்தில் குதிரையையே மையமாகக் கொண்டிருந்தது. இந்தியாவிலும், கிழக்கிந்தியக் கம்பெனி பூசாவில் நடத்திய குதிரைப் பண்ணையைக் கண்காணிக்க 1808இல் வந்துசேர்ந்த வில்லியம் மூர்கிராஃப்ட் முதலாக, இத்துறையின் கவனம் நெடுங்காலம் படைக்குதிரையின் காலடியிலேயே நிலைத்திருந்தது. உடற்கூறு நூல்களும் குதிரையை முதன்மை விலங்காக வைத்து விரிவாக விளக்கிவிட்டு, மற்றவற்றை அதிலிருந்து விலகும் வகைகளாகச் சுருக்கிக் கூறும் மரபைப் பின்பற்றின. ஆனால் 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கும் மேல், எருமைகள் ஏறத்தாழ 11 கோடி, வெள்ளாடுகள் ஏறத்தாழ 15 கோடி, செம்மறியாடுகள் 7 கோடிக்கும் மேல் இருக்க, குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 லட்சமே உள்ளன. பெரும்பான்மையான மருத்துவர்கள் நாள்தோறும் கையாளுவது பிளவுபட்ட குளம்பைத்தான். அதைப் புரிந்துகொள்ளும் சட்டகம் மட்டும் ஒற்றைக்குளம்பிலிருந்து வந்தது.

குதிரை ஒற்றைப்படை விரல் குளம்பிகள் என்னும் வரிசையைச் சேர்ந்தது. அதன் மூதாதையர் பல விரல்களை ஊன்றி நடந்தவை. பரிணாம வளர்ச்சியில் பக்க விரல்கள் படிப்படியாகக் குறைந்து, இன்று ஒவ்வொரு காலிலும் மூன்றாவது விரல் மட்டுமே தரையைத் தொடுகிறது. அவ்விரலின் கடைசி எலும்பான குளம்பெலும்பு, குளம்பின் உட்புறத்தில் தரைமேல் நிற்பதைப் போலத் தோன்றினாலும், உண்மையில் குளம்புச் சுவரின் உட்பக்கத்திலிருந்து தொங்கவிடப்பட்டிருக்கிறது. சுவரின் உட்பரப்பில் 550 முதல் 600 வரையிலான லேமினா எனப்படும் நெட்டுத்தகடுகள் உள்ளன. ஒவ்வொரு தகட்டிலிருந்தும் 150 முதல் 200 வரையிலான நுண்தகடுகள் கிளைத்து, குளம்பெலும்பைப் போர்த்திய உயிர்த்திசுவின் தகடுகளோடு கோத்துக்கொள்கின்றன. இந்தக் கோப்பினால் ஒரு குளம்பில் உண்டாகும் பிணைப்புப் பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீட்டர் அளவினது. ஆகவே குதிரையின் எடை எலும்பிலிருந்து லேமினாவுக்கும், லேமினாவிலிருந்து சுவருக்கும், சுவரின் கீழ்விளிம்பிலிருந்து தரைக்கும் செல்கிறது. குதிப்பகுதியில் ஃபிராக் எனப்படும் ஆப்பு வடிவ மென்கொம்புப் பகுதியும், அதன் இருபுறமும் சுவர் உள்மடிந்து உண்டாகும் பட்டைகளும், மேலே நார்த்திசு மெத்தையும், பக்கவாட்டுக் குருத்தெலும்புகளும் சேர்ந்து, கால் தரையில் படும் ஒவ்வொரு முறையும் குதியை விரியச் செய்து அதிர்ச்சியைத் தணிக்கின்றன.

மாடு இரட்டைப்படை விரல் குளம்பிகள் வரிசையைச் சேர்ந்தது. மூன்றாம், நான்காம் விரல்கள் இரண்டும் தனித்தனிக் குளம்புகளோடு எடையைத் தாங்க, இரண்டாம், ஐந்தாம் விரல்கள் பின்புறத்தில் துணைக்குளம்புகளாக எஞ்சியுள்ளன. ஒவ்வொரு குளம்புக்குள்ளும் தனிக் குளம்பெலும்பும், படகு எலும்பு எனப்படும் சிறு எலும்பும், மடக்குத் தசைநாணின் தனிக் கிளையும் இருப்பதால், ஒரு மாட்டின் கால் எனப்படுவது செயலளவில் ஒன்றையொன்று அடுத்த இரண்டு கால்களாகும். மாட்டுக்குளம்பின் சுவரில் ஏறத்தாழ 1,300 லேமினாக்கள் இருப்பினும் அவற்றிலிருந்து நுண்தகடுகள் கிளைப்பதில்லை. அதனால் எலும்பைத் தொங்கவிடும் பிணைப்பு குதிரையில் உள்ள அளவுக்கு வலுவானதன்று. ஃபிராக்கும் உள்மடிந்த பட்டைகளும் மாட்டுக்கு இல்லை. அவற்றின் இடத்தில் குதிக்குமிழ் எனப்படும் மென்மையான உருண்ட பகுதி அமைந்து, எடையின் கணிசமான பங்கைத் தானே நேரடியாகத் தாங்குகிறது. எலும்பின் பின்பகுதிக்கு அடியில், கொழுப்பு நிறைந்த மூன்று உருளைகளாக அமைந்த மெத்தை எலும்புக்கும் குளம்பின் அடித்தளமான உள்ளடிக்கும் நடுவே நிற்கிறது. குதிரையில் தொங்கும் எடை, மாட்டில் பாதி தொங்கியும் பாதி அமர்ந்தும் இறங்குகிறது என்று சுருக்கமாகக் கூறலாம்.

எடையின் பங்கீடும் வேறுபடுகிறது. மாட்டின் பின்னங்காலில் வெளிக்குளம்பும், முன்னங்காலில் உட்குளம்பும் பொதுவாக மிகுதியான எடையைத் தாங்குகின்றன. கடினமான சிமெண்ட் தரையில் நிற்கும் பசுவின் பின் வெளிக்குளம்பு அந்த மிகைச் சுமைக்கு ஈடுகொடுக்க வேகமாக வளர்ந்து உயர, உயர்ந்த குளம்பு மேலும் மிகுதியான எடையை ஏற்க, இச்சுழற்சி புண்ணில் முடிகிறது. கால்நடை மருத்துவர் ருஸ்டர்ஹோல்ட்ஸ் 1920இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அறியப்படும் உள்ளடிப் புண், பெரும்பாலும் பின் வெளிக்குளம்பில், குளம்பெலும்பின் பின்முனை உயிர்த்திசுவை அழுத்தும் இடத்துக்கு நேர்கீழே தோன்றுவதற்கு இந்த அமைப்பே காரணம். குதிரையில் இத்தகைய இணைக்குளம்பு இல்லாததால், அங்கே சமமின்மை வலப்புறச் சுவருக்கும் இடப்புறச் சுவருக்கும் இடையிலோ நுனிக்கும் குதிக்கும் இடையிலோ நிகழ்ந்து, சுவர் வெடிப்பாகவும் படகு எலும்புப் பகுதியின் வலியாகவும் வெளிப்படுகிறது.

லேமினைடிஸ் என்ற நோயைப் போல இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துவது வேறில்லை. குதிரையில் லேமினாக்களின் கோப்பு தளர்ந்தால், எலும்பைத் தாங்க வேறு வழி இல்லாததால், குளம்பெலும்பு சில நாட்களிலேயே சுழன்று சாயலாம் அல்லது முழுமையாகக் கீழிறங்கலாம். 2006ஆம் ஆண்டின் கென்டக்கி டெர்பியில் வென்ற பார்பரோ என்னும் பந்தயக்குதிரை, அடுத்து ஓடிய பிரீக்னெஸ் பந்தயத்தில் வலப் பின்னங்கால் எலும்பு முறிந்து அறுவை மருத்துவம் பெற்றபின், அந்தக் காலின் சுமையையும் ஏற்ற இடப் பின்னங்காலில் லேமினைடிஸ் கண்டு, 2007 ஜனவரியில் கருணைக்கொலைக்கு உள்ளாக்கப்பட்டதை உலகமே அறியும். குருதியில் இன்சுலினின் அளவை உயர்த்தி வைத்தாலே நலமான மட்டக்குதிரைகளுக்கு 72 மணி நேரத்துக்குள் லேமினைடிஸ் உண்டாகும் என்று குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் காட்டியபின், உணவுக் கட்டுப்பாடும் இன்சுலின் சோதனையும் குதிரை மருத்துவத்தின் இன்றியமையாத பகுதிகளாகிவிட்டன.

மாட்டில் அதே சிந்தனையை அப்படியே பொருத்தி, உள்ளடியில் காணும் குருதிக்கசிவுக்கும் புண்ணுக்கும் தானியத் தீவனத்தால் வயிற்றில் ஏற்படும் அமிலத்தன்மையே முதற்காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. தீவனத்தின் பங்கை மறுக்க இயலாது. எனினும் இன்று கிடைக்கும் சான்றுகள் பெரும்பாலும் சுமையையும் மெத்தையையும் நோக்கித் திரும்பியுள்ளன. கன்று ஈனும் காலத்தில் குளம்பெலும்பைத் தாங்கும் இணைப்புத்திசு இயல்பாகவே தளர்கிறது. ஈன்றபின் பசு மெலியும்போது கொழுப்பு மெத்தையும் மெலிகிறது. மெத்தை மெலிந்த பசுக்களில் உள்ளடிப் புண்ணும் வெள்ளைக்கோட்டுப் புண்ணும் மிகுதி என்பதைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2009இல் காட்டியது. வெள்ளைக்கோடு என்பது சுவரும் உள்ளடியும் சேரும் மென்மையான விளிம்பாகும். மாட்டின் குளம்புக்கொம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் மட்டுமே வளர்வதால், ஈனும்போது உள்ளே நேர்ந்த காயம் உள்ளடியின் வெளிப்பரப்புக்கு வந்துசேர இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. குதிரையில் நாட்கணக்கில் உயிருக்கே ஆபத்தாகும் கேடு, மாட்டில் மாதக்கணக்கில் மறைந்திருந்து பால் குறைவாகவும் சினைப்பிடிப்பின்மையாகவும் முதலில் தென்படக்கூடும். எனவே நொண்டும் பசுவின் குளம்பைப் பார்க்கும் மருத்துவர் அன்றைய தீவனத்தை மட்டும் கேட்காமல், அது ஈன்று எத்தனை நாளாயிற்று, நாளில் எவ்வளவு நேரம் படுக்கிறது, எந்தத் தரையில் நிற்கிறது என்பவற்றையும் கேட்க வேண்டும்.

மருத்துவ முறையிலும் விலங்கின் அமைப்பே வழிகாட்டியாகிறது. மாட்டின் ஒரு குளம்பில் புண் இருந்தால், அதே காலின் நலமான குளம்பின் அடியில் மரக்கட்டையை ஒட்டி உயர்த்தி, நோயுற்ற குளம்பைத் தரையிலிருந்து விடுவிக்கலாம். இணைக்குளம்பு அதன் சுமையை ஏற்கிறது. புதிதாக நொண்டத் தொடங்கிய பசுக்களில் குளம்பு சீவுதல், கட்டை ஒட்டுதல், வலி நீக்கும் அழற்சி எதிர்மருந்து ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தபோது நலமடைபவற்றின் விகிதம் மிகுந்தது என்று நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் 2015ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. மூட்டுவரை சீழ்பிடித்துக் காப்பாற்ற இயலாத நிலையில் ஒரு விரலையே நீக்கிவிட்டு மற்ற விரலால் மாடு நடமாட முடிகிறது. குதிரைக்கு இவ்வாய்ப்பு ஏதுமில்லை; ஒரு காலின் ஒரே குளம்பு கெட்டால் அதன் சுமை எதிர்க்காலுக்கே செல்கிறது, எதிர்க்காலும் கெடுகிறது. ஆகவே குதிரையில் மருத்துவம் என்பது சுமையை அதே குளம்பின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு மாற்றும் சிறப்பு லாடங்களையும், ஆழ்ந்த மணற்படுக்கையையும், தீவிர நோய்த்தொடக்கத்தில் குளம்பைப் பனிக்கட்டி நீரில் தொடர்ந்து குளிர்விப்பதையும் சார்ந்திருக்கிறது.

குளம்பு சீவும் அளவுகோலும் ஒன்றாக இருக்க முடியாது. குதிரையின் குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளர்வதால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்றப்படுகிறது. அங்கே எடையைத் தாங்கும் சுவர்விளிம்பைக் காப்பதும், உள்ளடியை மெலியவிடாமல் ஃபிராக்குக்கு உரிய இடம் தருவதும், குதி விரிவதைத் தடுக்காத வகையில் ஆணிகளை முன்பாதியோடு நிறுத்துவதும் அடிப்படை விதிகள். மாட்டுக்கு நெதர்லாந்தின் டூசாந்த் ராவன் வகுத்த முறை வேறானது: பின்னங்காலின் உட்குளம்பை முதலில் அளந்து, ஹோல்ஸ்டீன் பசுவுக்கு முன்சுவர் 7.5 சென்டிமீட்டர் இருக்குமாறு நிறுத்தி, அதன் உயரத்துக்கு வெளிக்குளம்பைச் சமன்செய்து, உள்ளடியின் நடுப்பகுதியைக் குழிவாக்கி எலும்பின் பின்முனைக்கு நேர்கீழே அழுத்தம் விழாமல் காப்பது அதன் சாரம். பெரிய உடலமைப்புடைய ஹோல்ஸ்டீனுக்கு வகுத்த இந்த அளவை ஜெர்சி கலப்பினப் பசுவுக்கோ நாட்டு மாட்டுக்கோ எருமைக்கோ அளந்து பாராமல் எடுத்தாளக் கூடாது; இவ்வினங்களுக்குரிய அளவுகளை நம் நாட்டிலேயே தொகுக்க வேண்டிய பணி ஆய்வாளர்களுக்கு உரியது.

இவ்விடத்தில் தமிழகத்து லாடக்காரர்களின் கைப்பழக்கம் குறிப்பிடத்தக்கது. வண்டிமாட்டுக்கு அவர்கள் ஒரு காலுக்கு ஒரு லாடம் அடிப்பதில்லை. ஒவ்வொரு குளம்புக்கும் தனித்தனித் தகடாக, நான்கு காலுக்கும் எட்டு லாடம் அடிக்கின்றனர். இரு குளம்புகளும் நடையின்போது விரிந்தும் சேர்ந்தும் தனித்தனியே அசைகின்றன. ஒரே இரும்பால் இரண்டையும் பூட்டினால் விரலிடைப் பகுதியின் தசைநார்கள் இழுபடும். உடற்கூறு நூல் விளக்கும் உண்மையைத் தொழில்மரபு தன் அனுபவத்தால் கண்டுகொண்டிருக்கிறது. வண்டிமாடுகள் குறைந்ததால் இத்தொழிலும் அருகிவரும் நிலையில், இக்கைத்திறன் உள்ளவர்களைக் கறவைமாட்டுக் குளம்பு சீவும் பணிக்குப் பயிற்றுவது இருதரப்புக்கும் பயன் தரும்.

பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளும், ஒற்றைக்குளம்புடையவையும் தமக்குள்ளேயே ஒத்தவையல்ல. செம்மறியாட்டின் ஒவ்வொரு காலிலும் விரலிடைப் பிளவுக்கு மேலே, முன்புறத்தில், மெழுகுபோன்ற பொருளைச் சுரக்கும் பை ஒன்று தனி வாயோடு உள்ளது. வெள்ளாட்டுக்கு அது இல்லை. அவ்வாய் அடைத்து வீங்கியதைக் குளம்பழுகல் என்று பிழையாக முடிவுசெய்வதும் உண்டு. டைக்கெலோபாக்டர் நோடோசஸ் என்னும் நுண்ணுயிரி உண்டாக்கும் உண்மையான குளம்பழுகலில், பிரிந்த கொம்பைச் சீவி எறிவதே பழைய முறை. ஆனால் 2010இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, நுண்ணுயிர்க்கொல்லியை உடனே செலுத்திக் குளம்பைச் சீவாமல் விட்ட ஆடுகள் விரைவில் நலமடைந்ததைக் காட்டியது. பசுவின் புண்ணுக்குப் பொருந்தும் கத்தி, செம்மறியின் அழுகலுக்குத் தீங்காகிறது. கழுதையின் குளம்பு குதிரையினுடையதைவிட 5 முதல் 10 பாகை வரை செங்குத்தாகவும் குறுகியும் இருக்கும். அதன் குளம்பெலும்பு, குளம்பின் மேல்விளிம்பான மயிர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே அமைவது இயல்பானது, ஆனால் குதிரையின் ஊடுகதிர்ப் படத்தில் அதே தோற்றம் எலும்பு இறங்கியதன் அறிகுறியாகும். பன்றியின் துணைக்குளம்புகள் மென்னிலத்தில் தரையைத் தொட்டுத் துணைபுரிகின்றன; ஒட்டகமோ இரட்டைப்படை விரலுடையதாயினும் குளம்பால் நடக்காமல் அகன்ற மெத்தைப் பாதத்தால் நடப்பதால், அதற்கு நகம் மட்டுமே உண்டு.

தொற்றுநோய்களின் எல்லையும் இங்கே ஓரளவு ஒத்துச்செல்கிறது. கோமாரி நோய் மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகிய பிளவுபட்ட குளம்புடையவற்றைத் தாக்குகிறது. குதிரைக்கும் கழுதைக்கும் அது வருவதில்லை. யானைக்கு வரக்கூடும் என்பது இவ்விதிக்கு உரிய விலக்கு. குதிரையின் வாயிலும் காலிலும் கொப்புளம் கண்டால் அது கோமாரியன்று என்று துணியலாம், ஆனால் வேறு கொப்புள நோய்களை ஐயுறவேண்டும். 2019இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடைபெறும் கோமாரித் தடுப்பூசிப் பணியில், ஒவ்வொரு மாட்டையும் மருத்துவப் பணியாளர் நேரில் அணுக வேண்டியிருக்கிறது. அந்த வருகையிலேயே நடையைக் கவனித்து நொண்டலுக்கு மதிப்பெண் இடுவது மிகுந்த செலவின்றிச் செய்யக்கூடிய ஒன்று.

இவற்றிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. நோய்க்குறிப்பில் கால் நொண்டல் என்று மட்டும் எழுதாமல், எந்தக் கால், உட்குளம்பா வெளிக்குளம்பா, எந்தப் பகுதி, எவ்வகைப் புண் என்பவற்றைப் பதிவுசெய்வது முதல் கடமை. பன்னாட்டு விலங்குப் பதிவுக் குழுவான ஐகார் 2015இல் வெளியிட்ட குளம்பு நலப் படத்தொகுப்பு இதற்கு ஒரு பொதுமொழியை ஏற்கனவே தந்துள்ளது. பால் வற்றும் காலத்தில் ஒவ்வொரு பசுவின் குளம்பையும் சோதித்துச் சீவுவதை, சினைச் சோதனையைப் போல வழக்கமாக்குவது இரண்டாவது. நொண்டும் பசுவுக்கு வலிநீக்கி தருவதைக் கூடுதல் கருணையாகக் கருதாமல் மருத்துவத்தின் பகுதியாகக் கொள்வது மூன்றாவது. 1903 முதல் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் கற்பித்துவரும் சென்னைக் கல்லூரி உள்ளிட்ட கல்வி நிறுவனங்கள், குளம்பின் உடற்கூற்றைக் குதிரையில் விளக்கி மாட்டில் ஒப்பிடும் முறையோடு நில்லாமல், இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் மாட்டுக்கால், ஆட்டுக்கால்களில் ஒவ்வொரு மாணவரும் தம் கையால் நெடுவெட்டு எடுத்து, குளம்பெலும்பின் பின்முனையையும் மெத்தையின் தடிமனையும் கண்ணால் காணச் செய்வது நான்காவது.

இக்கடமைகள் குதிரை மருத்துவத்தைக் குறைத்து மதிப்பதற்காகக் கூறப்படவில்லை. லேமினாவைப் பற்றியும் குளம்பின் இயக்கத்தைப் பற்றியும் இத்துறை இன்று அறிந்துள்ளவற்றுள் பெரும்பங்கு குதிரை ஆய்வாளர்களின் கொடை; அந்த ஆழத்தோடும் அந்தப் பொறுமையோடும் மாட்டையும் ஆட்டையும் கழுதையையும் ஆராய்வதே அக்கொடைக்குச் செய்யும் உரிய மதிப்பு. வலியைச் சொல்ல வாயற்ற விலங்கு, நடையை மாற்றியே தன் துன்பத்தைத் தெரிவிக்கிறது. அந்த நடை எந்தக் குளம்பிலிருந்து, எந்த எலும்பின் கீழிருந்து மாறியது என்பதைக் கண்டறியும் பொறுப்பு மருத்துவருக்கே உரியது. கத்தியை வைக்கும் முன், இந்த விலங்கின் எடை இந்தக் குளம்பில் எவ்வழியே இறங்குகிறது என்ற ஒரு கேள்விக்கு விடை தேடுவது ஒவ்வொரு மருத்துவரின் நிலையான வழக்கமாக வேண்டும்.